தெரபி அறைக்குள் பெற்றோருக்கும் இடம் வேண்டும்

பந்தை உருட்டிவிட்டு அது திரும்பி வரக் காத்திருப்பது, காக்கையைச் சுட்டிக்காட்டி அம்மாவும் பார்க்கிறாளா என்று திரும்புவது போன்றவற்றைப் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதையொட்டித் தாமாகவே பழகிவிடுகின்றன. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இவற்றைப் படிப்படியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

தெரபி மையத்தில் ஆசிரியரிடம் முறை மாற்றி விளையாடும் குழந்தை, வீட்டில் அண்ணனிடம் அப்படி விளையாடுவதில்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இக்குழந்தைகளுக்குக் கடினம். அதனால்தான் பயிற்சியில் பெற்றோர் தேவைப்படுகிறார்கள். குழந்தை பொம்மைக் காரின் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்காமல், அருகே தரையில் அமர்ந்து இன்னொரு காரின் சக்கரத்தைச் சுழற்றுவது நல்ல தொடக்கம். குழந்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாலே அது முன்னேற்றம். சோப்புக் குமிழி ஊதிவிட்டு, அடுத்ததைக் கேட்டுக் குழந்தை கை நீட்டும்வரை சில விநாடிகள் பொறுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியும் விளையாட்டையும் அன்றாட வீட்டு வேலைகளையுமே களமாகக் கொள்கிறது.

முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைப்பது பயிற்சி ஆகாது. கை உதறுவதற்காக அடிப்பது கொடுமை. கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே நடப்பதைப் பெற்றோர் பார்க்கக் கூடாது என்னும் மையத்தைத் தவிர்ப்பதே நல்லது. ஆட்டிசத்தை முற்றிலும் குணமாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் ஸ்டெம் செல் ஊசிக்கும், உடலிலிருந்து உலோகங்களை நீக்கும் கீலேஷனுக்கும் பலன் நிரூபிக்கப்படவில்லை. 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கீலேஷனின்போதே இறந்தான்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு சான்றளிக்கப்பட்டால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

சான்றிதழுக்காகக் காத்திருந்து பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். பள்ளி சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். தர மறுத்தாலும், பள்ளிக்குச் சென்ற நாளையும் பேசியவரின் பதவியையும் குறித்துக்கொண்டு முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு தரலாம். அங்கும் பதில் இல்லையென்றால், அதே மனுவின் நகலுடன் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.