குற்றமில்லை, ஆனால் திருமணமில்லை: திருச்சபைகளும் பால்புதுமையினரும்

தன்பாலீர்ப்பாளர், திருநர் குறித்த கிறிஸ்தவ சபைகளின் நிலைப்பாடு கடந்த அரை நூற்றாண்டில் வெகுவாக மாறியிருக்கிறது. ஆனால், இந்த மாற்றம் சபைக்குச் சபை வேறுபடுகிறது. திருவண்ணாமலையிலிருந்தே பார்க்கலாம்.

திருவண்ணாமலையின் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளி, இப்பகுதிக்கு லுத்தரன் மிஷனரிகள் டென்மார்க்கிலிருந்து வந்ததை நினைவூட்டுகிறது. அவர்களின் ஊழியத்தில் வளர்ந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அந்த டென்மார்க்கின் அரசுத் திருச்சபை 2012 ஜூன் 15 முதல் ஒரே பாலினத்தவருக்கும் ஆலயத்தில் திருமணம் நடத்திவைக்கிறது. மனசாட்சியை முன்னிட்டு ஒரு குருவானவர் மறுக்கலாம். அப்போது வேறொருவரை ஏற்பாடு செய்வது பேராயரின் பொறுப்பு. தமிழ்நாட்டின் லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) ஆலயங்களில் இத்தகைய திருமணம் கிடையாது.

திருவண்ணாமலைக் கத்தோலிக்கர்கள் வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தன்பாலுறவைப் பாவம் என்றே கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கிறது. ஆயினும், அந்த நாட்டமுள்ளவர்களை மதிப்போடு நடத்த வேண்டும் என்கிறது அதன் மறைக்கல்வி நூல். 2023 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதலுடன் வெளியான அறிக்கை, ஒரே பாலின இணையருக்குக் குருக்கள் ஆசி வழங்க அனுமதித்தது. அந்த ஆசி திருவழிபாட்டுச் சடங்காகவோ, திருமணம் போன்ற உடையோடும் சைகைகளோடுமோ இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

இந்தியாவில் இந்த விவாதத்தைக் கூர்மையாக்கியது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் வீச்சைக் குறைத்தபோது, மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் சில கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு. அந்தத் தீர்ப்பை 2013இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியாஸ், தன்பாலீர்ப்பாளரைத் திருச்சபை குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்றார். திருமணத்தை மட்டும் ஏற்கவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமே அந்தக் குற்றப் பழியை நீக்கியது.

திருநங்கையர் விஷயத்தில் சபைகள் சற்று முன்னரே இறங்கிவந்தன. செங்கல்பட்டு அருகே இந்திய சுவிசேஷத் திருச்சபையில் திருநங்கை பாரதி போதகரானார். இந்திய தேசியத் திருச்சபைகள் மன்றம் பாலினப் பன்மை பற்றிப் போதகர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் பயிலரங்குகள் நடத்தியது. இதற்கு வேத ஆதாரமும் கைகொடுத்தது. ஏசாயா 56ஆம் அதிகாரம் அண்ணகர்களுக்கு (விதை நீக்கப்பட்டவர்களுக்கு) கடவுளின் ஆலயத்தில் இடமுண்டு என்கிறது. தன்பாலுறவுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் லேவியராகமம், ரோமர் வசனங்களுக்கோ இன்றும் பொருள் விளக்கத் தகராறு தீரவில்லை.

ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்க 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் ஞானஸ்நானம், நற்கருணை, சபை உறுப்பினர் உரிமை ஆகியவை திருச்சபைகளின் கையிலேயே இருக்கின்றன. அவற்றைத் தர எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.