உங்களுக்குத் தெரியுமா? – உக்கிய குற்றிக்குள் ஒரு குடும்பம்

வெள்ளவத்தையில் வீட்டுத் தென்னையின் ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோலத் தெரிகிறதா? அது காண்டாமிருக வண்டின் வேலை. குருத்து மடிந்திருக்கும்போதே துளைத்துவிடும். ஓலை விரிந்த பிறகுதான் வெட்டு கண்ணில் படும். ஆனால் வண்டு பிறந்தது அந்த மரத்தில் அல்ல. யாரோ தறித்துப் போட்டு மறந்த தென்னங்குற்றியிலோ எருக்குவியலிலோதான். புழுவுக்கு உக்கிய மரம், வண்டுக்குப் பச்சைக் குருத்து. மருந்து தேடுமுன் குற்றியைத் தேடுங்கள். வண்டு போட்ட துளை வழியே செவ்வண்டும் புகுந்துவிட்டால் மரம் தப்புவது அரிது.

இதே காண்டாமிருக வண்டு 1909இல் இலங்கையிலிருந்து இறப்பர் கன்றுகளோடு சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. குவாம் தீவில் 2007இல் தென்பட்டது. 2015இல் அங்கே வீசிய சூறாவளி மரங்களைச் சாய்த்துப்போட, அவை உக்க உக்க வண்டு பெருகியது. பெருகிய வண்டு நின்ற தென்னைகளைக் கொன்றது. செத்த தென்னைகளில் அடுத்த தலைமுறை பிறந்தது. 1978 நவம்பர்ச் சூறாவளியில் தென்னந்தோட்டங்களைப் பறிகொடுத்த மட்டக்களப்பாருக்கு இந்தச் சங்கிலி எவ்வளவு கொடியது என்று விளக்கத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் கதிரைக் காலடியில் மாப்போலக் கொட்டிக் கிடக்கும் தூளும் வேறொரு வண்டின் கைவரிசையாக இருக்கலாம். மரத்தின் வெளிப்பகுதியிலுள்ள மாச்சத்துத்தான் அதற்கு வேண்டும், வைரத்தைத் தொடாது.

காட்டில் கதை தலைகீழ். அங்கே உக்கும் மரம்தான் செல்வம். பின்லாந்துக் காட்டு உயிர்களில் நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று பட்டமரத்தை நம்பி வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சிங்கராஜவில் 1972 முதல் 1977 வரை ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கள் இறங்கின. மக்கள் எதிர்ப்பால் வேலை நின்றது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமையானது. அன்று லொறியேறிய ஒவ்வொரு பெருமரமும் காட்டிலேயே சாய்ந்திருந்தால் பல ஆண்டுகள் வண்டுகளுக்கு வீடாகியிருக்கும். வெட்டிய இடத்தில் கன்று வளரலாம். முதிர்ந்து, பட்டு, விழுந்து, உக்குகிற கிழமரத்தை நட்டு வாங்க முடியாது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

அப்படி ஒரு குற்றிக்குள் என்ன நடக்கிறது? ‘பசாலிட்’ என்ற கரிய பளபள வண்டுகள் அங்கே குடும்பமாக வாழ்கின்றன. பெற்றோர் மரத்தை மென்று குழந்தைப் புழுவுக்கு ஊட்டுகின்றன. கீச்சிட்டுப் பேசியும் கொள்கின்றன. புழுக்களுக்கும் குரல் உண்டு! அந்தக் குற்றியை விறகுக்கு இழுத்தால் ஒரு வீடே போகிறது.

சுவீடனில் மரம் தறிக்கும்போது சில அடிமரங்களை ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கவிட்டுத் தறிக்கிறார்கள், வண்டுகளுக்காகவே.

கொழும்பில் அப்படி எல்லா இடத்திலும் விட முடியாது. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பேருந்தின்மீது மரம் சாய்ந்து 5 பேர் இறந்தார்கள். தெருவோரப் பட்டமரத்தை அகற்றத்தான் வேண்டும். ஆட்கள் நடமாடாத பூங்கா மூலையில் நிற்பதை மட்டுமாவது விட்டுவைக்கலாமே. குக்குறுவான் பறவை கூடு குடைவதும் உக்கி மென்மையான கிளையில்தான்.