எந்த மதம் என்று கேட்டால்...

"நீ எந்த மதம்?"னு கேட்டா பதில் தெரியாத 11 வயசுப் பொண்ணோட கதை இது. அமெரிக்க எழுத்தாளர் ஜூடி புளூம் 1970-ல் எழுதிய சிறுவர் நாவல். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கடவுளே, இருக்கிறாயா? நான்தான் மார்கரெட்'.

மார்கரெட்டின் அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். யூதரைக் கட்டிக்கிட்டதால் அம்மாவைப் பெற்றவர்களே ஒதுக்கிட்டாங்க. அதனால் மகளை எந்த மதமும் இல்லாமல் வளர்க்கிறார்கள். நியூயார்க்கிலிருந்து நியூஜெர்சிக்குக் குடிபோனால், அங்கே யூதருக்கு ஒரு சங்கம், கிறிஸ்தவருக்கு வேறு சங்கம். இவள் எதில் சேருவாள்? பாட்டியோடு யூதர் கோயிலுக்கும், தோழிகளோடு சர்ச்சுக்கும் போய்ப் பார்க்கிறாள். தனியாகப் பேசும்போதுதான் கடவுள் பக்கத்தில் இருக்கிறார்.

வயசுக்கு வருவது இன்னொரு கவலை. தோழி நான்சி "எனக்கு வந்திடுச்சு"ன்னு பொய்யாக எழுதுகிறாள். நிஜமாக வந்த அன்று ஓட்டல் பாத்ரூமில் அழுகிறாள். லாராவுக்கு உடம்பு சீக்கிரம் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதுக்கே அவளைப் பற்றி ஊர்வம்பு! மார்கரெட்டும் அதை நம்பி, அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறாள். பெண்ணைப் பெற்றவர்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் இது.

மாதவிலக்கை வெளிப்படையாக எழுதியதால் பல பள்ளி நூலகங்களில் இதை எடுத்துவிட்டார்கள். பெல்ட்டில் மாட்டும் நாப்கின் என்று முதலில் இருந்ததை, பிற்பாடு ஒட்டும் நாப்கின் என்று மாற்றினார்கள். 2023-ல் சினிமாவாகவும் வந்தது.

ஒதுக்கி வைத்த தாத்தா பாட்டி திடீரென வந்து, "நீ கிறிஸ்தவப் பொண்ணு" என்கிறார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டியோ "நீ யூதப் பொண்ணு" என்கிறாள். வெறுத்துப்போய்க் கடவுளிடம் பேசுவதையே நிறுத்துகிறாள் மார்கரெட். கடைசியில் வயசுக்கு வந்த அன்றைக்குத்தான் மறுபடி பேசுகிறாள்.