கொம்பைக் காணோம் பாஸ்!

ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி பக்கம் போயிருக்கீங்களா? மரக்காணத்தை நெருங்கும்போதே வெள்ளை வெளேர்னு குவியல் குவியலா உப்பு நிக்கும். பாத்தி பாத்தியா தேங்கின தண்ணி, வரப்பு மேல நடந்து போற ஆட்கள், அந்தப் பக்கம் கழுவேலி... கையில மொபைல் இருக்கிற யாரும் பத்து படம் எடுக்காம நகர மாட்டாங்க.

உங்க என்.எஸ்.எஸ். டீம் அங்கே ஒரு வாரம் கேம்ப் போட்டுச்சுன்னு வெச்சுக்குவோம். உப்பளத்துல வேலை பாக்கிற அக்காங்க, அண்ணன்களோட உட்கார்ந்து பேசி, அவங்க கதையை 16 பக்கத்துல புக்லெட்டா போடறதா முடிவாகுது. கடைசிப் பக்கத்துல, பேசினவங்க எல்லார் பேரையும் போட்டு நன்றி. 500 காப்பி. காலேஜ் ஃபண்ட் கொஞ்சம், உங்க பாக்கெட் மணி கொஞ்சம். நைட்டு ரெண்டு மணிக்கு லே-அவுட் முடிச்சு, பி.டி.எஃப். எடுத்து, பென் டிரைவ்ல போட்டு, காலையில பிரஸ்ல குடுத்துட்டு வந்து தூங்கறீங்க.

நாலு நாள் கழிச்சு கட்டைப் பிரிச்சா, கடைசிப் பக்கத்துல 'கோ'ன்னு ஆரம்பிக்கிற பேர் ஒண்ணுகூட உருப்படியா இல்லை. 'க' தனியா முன்னாடி நிக்குது. கொம்பும் காலும் அதுக்குப் பின்னாடி, ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கிட்டு நிக்குது. ஒரு வாரம் உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்த அக்கா தன் பேரை முதல் தடவையா புத்தகத்துல பாக்கப் போறாங்க... இந்த லட்சணத்துல!

'பி.டி.எஃப்.தானே குடுத்தோம், அதுல எதுவும் மாறாதே?' இதானே உங்க கேள்வி? 1993-ல அடோபி கம்பெனி பி.டி.எஃப்.ஐக் கொண்டுவந்தப்போ குடுத்த வாக்கு அதுதான். எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியும்னாங்க. 2008-ல அது ஐ.எஸ்.ஓ. தரமாவே ஆயிடுச்சு. வாக்கு பொய்யில்லை. ஆனா பி.டி.எஃப். வாய் தெச்ச உப்பு மூட்டை மாதிரி. தைக்கிறதுக்கு முன்னாடி உள்ளே கல் கிடந்தா, கல்லும் சேர்ந்துதான் ஊர் போய்ச் சேரும். தமிழ்ல பக்கம் போடறவங்களுக்கு இந்தக் கல் கொஞ்சம் அதிகம்.

வேஷம் போடுற எழுத்து

தமிழ்நாட்டு டி.டி.பி. சென்டர்கள்ல ரொம்ப வருஷம் பேஜ்மேக்கர்தான் ராஜா. 1985-ல ஆல்டஸ் கம்பெனி கொண்டுவந்தது. 1994-ல அடோபி வாங்கிச்சு. 2001-ல வந்த 7-வது பதிப்போட கதை முடிஞ்சது. ஆனா நம்ம ஊர்ல அதுக்கப்புறமும் பல வருஷம் அது ஓடிச்சு. அதுக்கு யூனிகோட் தெரியாது. அதனால ஃபான்ட் செஞ்சவங்க ஒரு தந்திரம் பண்ணாங்க. ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் எழுத்தோட உருவத்தை வரைஞ்சு வெச்சுட்டாங்க. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். கண்ணுக்கு மட்டும் தமிழ்.

பாமினி ஃபான்ட்ல 'மரக்காணம்'னு அடிச்சுட்டு, ஃபான்ட்டை ஏரியலுக்கு மாத்திப் பாருங்க. 'கே, யூ, எஃப், அரைப்புள்ளி, எஃப், எச், இசட், கே, அரைப்புள்ளி'ன்னு நிக்கும். ஊர் பேரா, வை-ஃபை பாஸ்வேர்டான்னே தெரியாது!

பாமினிக்கு ஒரு கணக்கு, வானவில்லுக்கு ஒரு கணக்கு, ஸ்ரீலிபிக்கு ஒரு கணக்கு. இந்தக் கூத்தை ஒழுங்கு பண்ணத்தான் 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. 2010-ல கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துல தமிழக அரசு யூனிகோடையும், அது வேலை செய்யாத மென்பொருளுக்கு டேஸ்16-ஐயும் தரம்னு அறிவிச்சது. அறிவிச்சது சரி. பிரஸ் கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய ஃபைல் தானா மாறிடுமா என்ன?

இப்போ உங்க புக்லெட்டுக்கு வாங்க. ஒருத்தர் கட்டுரையை மொபைல்ல யூனிகோட்ல அடிச்சு அனுப்பியிருப்பார். தெரிஞ்ச டி.டி.பி. அண்ணன் இன்னொண்ணை பாமினியில அடிச்சுக் குடுத்திருப்பார். ரெண்டையும் ஒரே பக்கத்துல ஒட்டினா, ரெண்டும் ரெண்டு விதமா கழுத்தறுக்கும்.

பாமினி கட்டுரைக்கு ஆபத்து, ஃபான்ட் பி.டி.எஃப்.க்குள்ள போகாம விட்டுப்போறது. உங்க கம்ப்யூட்டர்ல பாமினி இருக்கும், அழகா தெரியும். பிரஸ்ல இல்லைன்னா வேற ஃபான்ட் வந்து உட்கார்ந்துக்கும், மறுபடி 'கே, யூ, எஃப்'தான். இதைப் பிடிக்க பத்து செகண்ட் போதும். அக்ரோபேட் ரீடர்ல ஃபைல் மெனுவுல பிராப்பர்ட்டீஸ் போய், ஃபான்ட்ஸ் பக்கத்தைப் பாருங்க. ஒவ்வொரு ஃபான்ட் பேருக்குப் பக்கத்துலயும் 'எம்பெடட்'னு இருக்கணும். ஒண்ணுல இல்லைன்னாலும் பிரஸ்ஸுக்குக் கிளம்பாதீங்க.

யூனிகோட் கட்டுரைக்கு ஆபத்து வேற. யூனிகோட்ல 'கோ'ன்னா முதல்ல 'க', அப்புறம்தான் உயிர்க்குறி. கொம்பை முன்னாடி தூக்கி வைக்கிறது லே-அவுட் சாஃப்ட்வேரோட வேலை. அதுக்கு அந்த வேலை தெரியலைன்னா, வந்த வரிசையிலயே நிறுத்திடும். கடைசிப் பக்கத்துல நடந்தது இதுதான். இன்டிசைன் 1999-லயே வந்தாலும், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குச் சரியா வழி பிறந்தது 2012-ல வந்த சி.எஸ்.6-லதான். பத்தி அமைப்புல 'வேர்ல்ட்-ரெடி கம்போஸர்'னு ஒண்ணு இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தா கொம்பு ஒழுங்கா முன்னாடி வந்து நிக்கும். காலேஜ் லேப்ல இருக்கிற காப்பி எந்த வருஷத்துது, எங்கிருந்து வந்ததுன்னு எல்லாம் இங்கே கேக்கக் கூடாது. ஆனா அது சி.எஸ்.6-க்கு முந்தினதா இருந்தா, யூனிகோட் தமிழை அதுக்குள்ள ஒட்டாதீங்க.

காசு கட்ட வசதியில்லையா? ஸ்க்ரைபஸ்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதோட பழைய 1.4 பதிப்புக்குத் தமிழ் வராது. 2024-ல வந்த 1.6-க்கு வரும். நியாயமா, லேப் டெஸ்க்டாப்ல இதைத்தான் போட்டு வைக்கணும்.

மேப்பை உள்ளே வைக்கிற கதை

புக்லெட்டோட நடுப்பக்கத்துல கழுவேலி மேப் போடறீங்க. போடத்தான் வேணும். 2021-ல பறவைகள் சரணாலயம்னு அறிவிச்ச இடம், 2024-ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்தது. மேப் கையில பி.டி.எஃப்.பா இருக்கு. இன்டிசைன்ல 'பிளேஸ்' குடுத்து வைக்கறீங்க.

முதல் சிக்கல்: மேப் ஃபைல்ல நாலு பக்கம் இருந்தாலும் முதல் பக்கம்தான் வந்து உட்காரும். ஃபைலைத் தேர்ந்தெடுக்கும்போதே 'ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்' டிக் பண்ணினாதான் எந்தப் பக்கம்னு கேக்கும். எந்த அளவுல வெட்டணும்னும் அங்கேயே கேக்கும். ட்ரிம்னா வெட்டின பக்கம், ப்ளீட்னா ஓரத்துல விட்ட உபரியும் சேர்த்து, மீடியான்னா முழு தாள். இதைக் கவனிக்காம விட்டா, மேப்பைச் சுத்தி கட்டிங் குறியெல்லாம் சேர்ந்து வரும், இல்லைன்னா கடற்கரையே பாதியில வெட்டுப்பட்டு நிக்கும்.

ரெண்டாவது: ஸ்கிரீன்ல மேப் மங்கலா தெரியும். பதற வேண்டாம், அது முன்னோட்டம்தான். பதற வேண்டியது வேற இடத்துல. மேப் ஃபைல் உங்க பக்கத்துக்குள்ள போகலை, வெறும் லிங்க்தான். மேப் இருந்த ஃபோல்டரை யாராவது நகர்த்திட்டாலோ, பேர் மாத்திட்டாலோ, எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஒரு எச்சரிக்கை வரும். ரெண்டு மணி தூக்கக் கலக்கத்துல 'ஓ.கே' தட்டினீங்கன்னா அந்த மங்கல் முன்னோட்டமே அச்சுக்குப் போயிடும்!

ஸ்க்ரைபஸ்காரங்களுக்கு இன்னொரு குழி. படச் சட்டத்துல பி.டி.எஃப். வெச்சா, அது எக்ஸ்போர்ட்ல சாதாரணமா புள்ளிப் படமா மாறிடும். மேப்ல இருக்கிற சின்ன எழுத்தெல்லாம் கூர் மழுங்கிப் போகும். எக்ஸ்போர்ட் பெட்டியில, பி.டி.எஃப்.ஐ அப்படியே உள்ளே புதைக்கச் சொல்ற தேர்வு இருக்கும், பக்கத்துல 'சோதனை முயற்சி'ன்னும் எழுதியிருக்கும். அதைப் போட்டுப் பாருங்க, சரியா வந்ததான்னு பெரிசாக்கியும் பாருங்க.

பி.டி.எஃப்.ஐ உள்ளே வைக்கிறது தொல்லை மட்டும்னு நினைச்சுடாதீங்க. 2023 ஜனவரியோட இன்டிசைன்ல 'டைப் 1' ரக ஃபான்ட்களை அடோபி கைவிட்டுடுச்சு. சீனியர்கள் அந்த ரக ஃபான்ட்ல போட்ட பழைய மலரைத் திறந்தா, ஃபான்ட்டைக் காணோம்னு சொல்லும். அதோட பழைய பி.டி.எஃப். கையில இருந்தா தப்பிச்சீங்க. உள்ளே ஃபான்ட் புதைஞ்சிருந்தா, படம் மாதிரி பிளேஸ் பண்ணிக்கலாம், அச்சும் ஆகும். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, அவ்வளவுதான்.

வெள்ளைக்கு மை கிடையாது

உப்புக் குவியலை அச்சுல எப்படி வெள்ளையா காட்டறாங்க? மையே போடாம. தாளோட வெள்ளைதான் உப்பு. இதை மனசுல வெச்சுக்குங்க, அடுத்த பிரச்னை புரியும்.

அட்டையில நீல வானத்து மேல வெள்ளை எழுத்துல தலைப்பு வெக்கறீங்க. முதல்ல கறுப்புல வெச்சுப் பாத்துட்டு, அப்புறம் வெள்ளையா மாத்தினதுன்னு வைங்க. கறுப்பா இருந்தப்போ அதுக்கு 'ஓவர்பிரின்ட்' போட்டிருந்தா, அந்தக் குணம் வெள்ளையிலயும் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். கறுப்புன்னா சரி, நீலத்து மேலயே கறுப்பு மை ஏறும். வெள்ளைக்கு ஏறதுக்கு மை ஏது? கீழே இருக்கிற நீலம் அப்படியே அச்சாகும், தலைப்பு மாயம். சாதாரணமா திறந்தா ஸ்கிரீன்ல தலைப்பு இருக்கிற மாதிரியே தெரிஞ்சுத் தொலைக்கும்! ரீடரோட பிரிஃபரன்ஸஸ்ல 'ஓவர்பிரின்ட் பிரிவ்யூ'வை எப்பவும்னு வெச்சுக்கிட்டா குட்டு உடையும்.

வேர்ட்ல இருந்து எடுத்த பி.டி.எஃப்.ஐ உள்ளே வெச்சிருந்தா, அதுல கறுப்பு எழுத்து ஆர்.ஜி.பி. கறுப்பா இருக்கும். எக்ஸ்போர்ட்ல சி.எம்.ஒய்.கே.-வா மாத்தும்போது அது நாலு மையும் கலந்த கறுப்பாயிடும். மெஷின்ல நாலு பிளேட்டும் ஒரு முடி அளவு விலகினாலும் எழுத்தோரத்துல சிவப்பும் நீலமும் எட்டிப் பாக்கும். எழுத்துக்கு ஒரே கறுப்பு மைதான் வேணும். முடிஞ்ச வரைக்கும் வேர்ட் பி.டி.எஃப்.ஐ பக்கத்துல ஒட்டாம, எழுத்தை மட்டும் எடுத்து லே-அவுட்ல திரும்ப அமைச்சுடுங்க.

அப்புறம் அந்த வெள்ளைக் கோடு. உப்பளப் படத்து மேல நிழல் விழற மாதிரி ஏதாவது எஃபெக்ட் போட்டிருந்தா, பி.டி.எஃப்.ல படத்துக்குக் குறுக்கே மெல்லிசா கோடு ஓடும். வரப்பா, கோடா? பெரிசாக்கிப் பாருங்க. எவ்வளவு பெரிசாக்கினாலும் கோடு அதே மெல்லிசா இருந்தா, அது பெரும்பாலும் ஸ்கிரீனோட குறும்பு. ஒளிபுகும் பகுதிகளைத் துண்டு துண்டா வெட்டிச் சேர்க்கிற பழைய பி.டி.எஃப். வகைகள்ல வரும், எக்ஸ்-1ஏ அந்த ரகம். எக்ஸ்-4 அப்படி வெட்டாது. எது வேணும்னு பிரஸ்லதான் கேக்கணும். சின்ன பிரஸ் நிறைய இன்னும் எக்ஸ்-1ஏ-தான் கேக்குது, சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

'ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்'ங்கிற தேர்வை மட்டும் அச்சுக்குத் தொடவே தொடாதீங்க. 300 புள்ளி இருக்கிற படத்தை 100-க்கு இறக்கி, கலரையும் ஆர்.ஜி.பி. ஆக்கிடும். வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்ணத்தான் லாயக்கு.

கர்வ்ஸ் போட்டா தீருமா?

கோரல்டிரால வேலை பாக்கிற அண்ணன்கள்கிட்ட கேட்டா ஒரே பதில்தான்: 'கர்வ்ஸ் போட்டுடு தம்பி!' எழுத்தையெல்லாம் கோடுகளா மாத்திட்டா ஃபான்ட் பிரச்னையே கிடையாது. கல்யாணப் பத்திரிகைக்கு நல்ல வழி. புக்லெட்டுக்கு எனக்கு அரை மனசுதான். ப்ரூஃப்ல ஒரு தப்பு கண்டுபிடிச்சா அந்த ஃபைல்ல திருத்த முடியாது. அதுக்கு மேல, அந்தப் பக்கத்துல எழுத்துன்னு ஒண்ணே இல்லாம போயிடும்.

அதனால என்னன்னு கேக்காதீங்க. பத்து வருஷம் கழிச்சு யாரோ ஒரு ஸ்டூடன்ட் மரக்காணம் உப்பளத்தைப் பத்தித் தேடும்போது, உங்க பி.டி.எஃப். நெட்ல இருந்தாலும் சிக்காது. பாமினியில போட்டாலும் அதே கதி, தேடற இயந்திரத்துக்கு அது 'கே, யூ, எஃப்'தான். யூனிகோட்ல போட்டாலும் முழுசா நிம்மதியில்லை. பி.டி.எஃப்.க்குள்ள எழுத்து உருவங்கள் பக்கத்துல தெரியற வரிசையில போய் உட்கார்றதால, காப்பி எடுத்து ஒட்டினா சில சமயம் கொம்பு இடம் மாறும். தமிழ்ல அச்சான எத்தனையோ மலர்கள், ஊர் வரலாறுகள் பி.டி.எஃப்.பா இருந்தும் தேட முடியாம கிடக்கிறதுக்கு இதான் காரணம். உப்பளத்துல இருபது வருஷம் நின்னவங்க பேசின பேச்சுக்கும் அந்த கதி வரணுமா?

அதனால பிரஸ்ஸுக்குப் போற பென் டிரைவ்ல ஃபான்ட் புதைச்ச பி.டி.எஃப். ஒண்ணு. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியா இருக்கணும், எதிரெதிர் பக்கத்தைச் சேர்த்து எடுக்காதீங்க, பாரம் கட்டறதை அவங்க பாத்துப்பாங்க. ஓரத்துல 3 மி.மீ. ப்ளீட். கூடவே மேப், படம், ஃபான்ட் எல்லாம் சேர்த்த 'பேக்கேஜ்' ஃபோல்டர். உங்க கையில, கட்டுரை மொத்தமும் வெறும் யூனிகோட் டெக்ஸ்ட்டா ஒரு ஃபைல்.

500 காப்பி ஓட்டறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு ப்ரூஃப் கேளுங்க, கூச்சப்படாம. மொத்தத்தையும் படிக்க நேரமில்லைன்னா கடைசிப் பக்கத்தை மட்டுமாவது எழுத்து எழுத்தா படிங்க. இன்ஷியல்ல சந்தேகம்னா அந்த அக்காவுக்கே ஒரு போன் போடுங்க. உப்பளத்துல வெயில் ஏற முன்னாடியே வேலை ஆரம்பிச்சுடும், அதனால சாயந்திரமா கூப்பிடுங்க.