நன்றியறிதல் நாளும் வற்றாளங்கிழங்கும்

ஒரு நாட்டு மக்களின் பெருநாள் விருந்தை உற்று நோக்கினால், அவர்கள் எவற்றை உண்டு வளர்ந்தனர் என்பது புலனாகும். எவற்றை மறக்க விரும்பவில்லை என்பதும் உடன் புலனாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. தொலைவில் தொழில் புரியும் பிள்ளைகள் அன்று பெற்றோர் இல்லம் திரும்புவர். மேசையின் நடுவே வான்கோழி வீற்றிருக்கும். அதன் அருகில், மேற்புறம் பொன்னிறமாகச் சிவந்த ஒரு கிழங்குத் தட்டம் இடம்பெறும். இலங்கையர் அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்ணும் அதே வற்றாளங்கிழங்குதான் அது. ஆழமான தட்டத்தில் இட்டுப் போறணையில் வேகவைக்கப்படும் இத்தகைய உணவைக் ‘கசரோல்’ என்பர்.

இவ்விருந்தின் தொடக்கத்தை 1621 ஆம் ஆண்டில், பிளிமத் என்னுமிடத்தில் ஆங்கிலக் குடியேற்றவாசிகளும் வம்பனோக் என்னும் பூர்வீகக் குடிகளும் கூடியுண்ட அறுவடை விருந்தில் வைத்துக் கூறுதல் வழக்கம். ஆனால் அன்றைய விருந்தில் வற்றாளங்கிழங்கு இருக்கவில்லை. குளிர்மிக்க அவ்வடபுலத்தில் அக்காலத்தில் அது பயிராகவில்லை. 1863 இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமையை நன்றியறிதல் நாளாகப் பிரகடனஞ் செய்தார். இன்றைய நான்காம் வியாழக்கிழமை 1941 இற் சட்டத்தினால் உறுதியாயிற்று. கிழங்கு இவ்விருந்தினுள் நுழைந்த வழி வேறு. அது தெற்கிலிருந்து வந்தது.

வற்றாளை மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட கொடி. பெயரளவில் உருளைக்கிழங்கின் உறவாகத் தோன்றினும், உருளைக்கிழங்கு கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வற்றாளையோ நம் நீர்நிலைகளில் வளரும் கங்குன் கீரையின் நெருங்கிய இனம். 1492 இற்குப் பின்னர் ஸ்பானியர் இதனை ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்றனர். போர்த்துக்கேயர் வழியாக ஆபிரிக்கக் கரைகளிலும் ஆசியாவிலும் பரவிற்று. கரிபியன் தீவினர் வழங்கிய ‘பத்தாத்தா’ என்னும் சொல்லின் சாயலைச் சிங்களத்துப் ‘பத்தல’ என்பதிலும் நமது ‘வற்றாளை’ என்பதிலும் இன்றும் காணலாம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்களுக்கு இக்கிழங்கு உயிர் காத்த உணவாயிற்று. தம் குடிசைகளின் அருகே கிடைத்த சிறு நிலத்தில் அதனை நட்டு, அடுப்புச் சாம்பலிற் சுட்டு உண்டனர். தாம் விட்டுவந்த நாட்டின் வள்ளிக்கிழங்கை நினைந்து அதற்கே அப்பெயரையும் சூட்டினர். ‘யாம்’ என்னும் ஆங்கிலச் சொல் மேற்கு ஆபிரிக்க மொழிகளின் வழிவந்தது. பின்னர் 1930 ஆம் ஆண்டுகளில் லூயிசியானா மாநிலத்தார், ஈரப்பதமும் செம்மஞ்சள் நிறமும் கொண்ட தம் வற்றாளையைப் பிற மாநிலக் கிழங்குகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டுதற்கு அதே பெயராற் சந்தைப்படுத்தினர். ஆகவே அமெரிக்கக் கடையில் ‘யாம்’ என்று கிடைப்பது பெரும்பாலும் வற்றாளையே. இராசவள்ளிக்கிழங்கிற் கஞ்சி காய்ச்சும் யாழ்ப்பாணத்தாருக்கு இம்மயக்கம் நேராது. உண்மையான ‘யாம்’ இனத்தைச் சேர்ந்தது அந்த இராசவள்ளியே. எனினும் தமிழ்நாட்டார் வற்றாளையைச் சர்க்கரைவள்ளி என அழைப்பதும் இதனையொத்த ஒரு பெயர் மயக்கமே.

அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து அறிவியலாளராய் உயர்ந்த ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896 இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்வி நிலையத்திற் பணியேற்றார். ஓயாத பருத்திச் செய்கையால் நிலம் சாரமிழந்து நின்றது. உழவர் கடனில் மூழ்கியிருந்தனர். நிலக்கடலையையும் வற்றாளையையும் பயிரிடுமாறு அவர் அறிவுறுத்தினார். கிழங்கைச் சேமிக்கும் முறையையும் சமைக்கும் வகைகளையும் எளிய நடையிற் சிறு வெளியீடுகளாக எழுதி வழங்கினார். வறியோர் உணவைக் கற்றறிந்தோர் கவனத்திற்குக் கொணர்ந்த பெருமை அவருக்குண்டு.

இன்று பல வீடுகளில் இத்தட்டத்தின் மேல் ‘மாஷ்மலோ’ என்னும் வெண்ணிற மென்மிட்டாய் பரப்பப்படுகின்றது. இது பாட்டிமார் கண்ட முறையன்று. 1917 இல் ஒரு மிட்டாய் நிறுவனம், ஜெனற் மக்கென்சி ஹில் என்னும் சமையற்கலை ஆசிரியையைக் கொண்டு ஒரு கைநூலை வெளியிட்டது. தன் மிட்டாயை நாளாந்தச் சமையலிற் புகுத்துவதே அதன் நோக்கம். அந்நூலிற் கூறப்பட்ட வற்றாளங்கிழங்கு உணவு நாட்டின் பெருநாள் வழக்கமாகவே நிலைபெற்றது. தெற்கில் மற்றொரு சாரார் அம்மிட்டாயை விலக்கி, அம்மண்ணுக்கே உரிய பீக்கன் பருப்பையும் சீனியையும் கலந்து தூவுவர். எது சிறந்தது என்ற வாதம் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுவதுண்டு.

இனிச் செய்முறையைக் காண்போம். கிழங்கின் இனிப்பு அதனை வேகவைக்கும் விதத்திற் பெரிதும் தங்கியுள்ளது. கிழங்கிலுள்ள மாப்பொருளை ஒரு நொதியம் மோற்றோசு என்னும் சீனியாக மாற்றுகின்றது. ஏறக்குறைய 60 முதல் 75 பாகை செல்சியசு வரை அது ஊக்கமாகத் தொழிற்படும். வெப்பம் மேலும் மிகுந்தால் அழிந்துவிடும். ஆதலால் போறணையில் மெல்ல வெந்த கிழங்கு மிக இனிக்கும். துண்டுகளாக்கி நீரில் அவித்தாலோ சீனியின் ஒரு பகுதி நீரோடு போய்விடும், மசியலும் நீர்த்துவிடும். பச்சைக் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தலும் தவறு. 10 பாகைக்குக் குறைந்த குளிரில் அதன் நடுப்பகுதி இறுகி, எவ்வளவு வேகவைத்தாலும் மென்மை பெறாது.

எண்மர் உண்பதற்கு மூன்று இறாத்தல், அதாவது ஏறக்குறைய 1,350 கிராம் கிழங்கு வேண்டும். கழுவி, தோலுடன் முள்ளுக்கரண்டியாற் குத்தி, 200 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வரை வேகவைக்க வேண்டும். கத்தி தடையின்றி இறங்கினால் பதம். சூடு ஆறியதும் தோலை உரித்து மசித்து, நார் இருப்பின் அரிதட்டில் தேய்த்தெடுக்க வேண்டும். இதனுடன் உருக்கிய வெண்ணெய் 60 கிராம், பால் அரைக் கோப்பை, அடித்த முட்டை இரண்டு, சீனி 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, வனிலாச் சாரம் ஒரு தேக்கரண்டி, சிறிது கறுவாத்தூளும் சாதிக்காய்த்தூளும் சேர்த்துக் கலக்க வேண்டும். மசியல் நன்கு ஆறிய பின்னரே முட்டையைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் அது திரைந்துவிடும். வெள்ளைச் சதையுள்ள கிழங்கு வறண்ட தன்மையது. அதற்குப் பாலைச் சற்றுக் கூட்டலாம்.

மேற்றூவலுக்குச் சிவப்புச் சீனி 100 கிராம், கோதுமை மா 60 கிராம், வெண்ணெய் 60 கிராம், நறுக்கிய பீக்கன் 100 கிராம் ஆகியவற்றை விரல் நுனியால் உதிரியாகப் பிசைந்துகொள்ள வேண்டும். பீக்கன் கிடையாதவிடத்து மரமுந்திரிகைப் பருப்பு பொருந்தும். வெண்ணெய் பூசிய தட்டத்தில் மசியலைப் பரப்பி, மேலே இதனைத் தூவி, 175 பாகையில் 35 நிமிடம் வேகவைத்தால் ஓரங்கள் குமிழியிட்டு மேற்புறம் சிவக்கும். மாஷ்மலோ இடுவோர் மேற்றூவலை விட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் மாத்திரம் அதனை இட வேண்டும். முன்னரே இட்டால் கருகிவிடும். அம்மிட்டாயில் விலங்குகளின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து பெறும் ஜெலற்றின் சேர்கின்றது. சைவ உணவினரும் இஸ்லாமியரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

விருந்து நாளில் வீட்டுக்காரியை வருத்துவது போறணைக்கு நேரும் நெருக்கடியே. வான்கோழி பல மணி நேரம் அதனை நிறைத்திருக்கும். எனவே மசியலை முதல் நாளே கலந்து மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, தூவலை வேறாக வைத்திருப்பர். வெந்த வான்கோழியை வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிடும் இடைவேளையில் இத்தட்டத்தை உள்ளே தள்ளுவர். குளிர்ந்த மசியலாதலின் பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும்.

செம்மஞ்சட் கிழங்கின் நிறத்திற்குக் காரணமான கரோற்றீன் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகின்றது. ஆபிரிக்க நாடுகளில் அச்சத்துக் குறைவாற் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க இக்கிழங்கினத்தைப் பரப்பியோர், 2016 இல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இத்தகைய கிழங்கின்மேல் சீனியை அளவின்றிக் குவித்தல் அதன் நலத்தை மறைப்பதாகும். நீரிழிவுள்ள பெரியோர் இருக்கும் வீட்டில் மசியலின் சீனியை முற்றாக விலக்கலாம். மெல்ல வெந்த கிழங்கின் இயல்பான இனிமையே போதும். மேற்றூவலை ஒரு பாதிக்கு மாத்திரம் இட்டு, மறுபாதியை அவர்களுக்கென விடலாம்.

பல குடும்பங்களில் இவ்வுணவின் அளவுகள் எங்கும் எழுதப்படாமல் முதியவள் ஒருத்தியின் கையிலேயே இருக்கும். அவள் மறைந்த ஆண்டில், மேசையில் யாவும் இருந்தும் அச்சுவை இராது. ஆதலால் விருந்துக்கு முதல் நாள் பேத்தியொருத்தி அடுக்களையில் அருகே நின்று, பாட்டியின் கைப்பிடியைக் கோப்பையில் அளந்து தாளிற் குறித்துக்கொள்வது நற்பணி. சாம்பலிற் சுட்டுண்ட கிழங்கு பெருநாள் மேசைக்கு வந்து சேர்ந்ததும் இவ்வாறு கைமாறிக் கைமாறியே.