ஆளில்லாமல் வட்டமிட்ட தபால் விமானம்

1926 செப்டம்பர் 16 இரவு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மூடுபனிக்கு மேலே பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்த 24 வயது விமானிக்கு ஓர் எஞ்சின் சத்தம் கேட்டது. அவருடைய எஞ்சின்தான். பெட்ரோல் தீர்ந்து அடங்கிவிட்டது என்று நம்பித்தான் அவர் 5,000 அடி உயரத்தில் அதைவிட்டுக் குதித்திருந்தார். இப்போது அதே விமானம் இருட்டிலிருந்து அவரை நோக்கி வந்தது. சுமார் 300 கஜம் தள்ளிக் கடந்து, வளைந்து, மீண்டும் வந்தது. மூடுபனிக்குள் இறங்கும்வரை ஐந்து சுற்றுகளை அவர் எண்ணினார்.

அவர் சார்லஸ் லிண்ட்பர்க். அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்து உலகப் புகழ் பெற இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. அப்போது அவர் செயின்ட் லூயிஸுக்கும் சிகாகோவுக்கும் இடையே தபால் மூட்டைகளைச் சுமந்து பறந்துகொண்டிருந்தார். விமானம், முதல் உலகப் போரில் எஞ்சிய டி.எச்.-4 ரகம்.

ஆளில்லாத விமானம் ஏன் நேராகப் போய் விழவில்லை? இறக்கைகளின் தூக்குவிசைதான் விமானத்தைத் தாங்குகிறது. ஓர் இறக்கை கொஞ்சம் தாழ்ந்தால் அந்த விசையும் சாய்கிறது. அதில் ஒரு பங்கு விமானத்தைப் பக்கவாட்டில் இழுக்க, எடையைத் தாங்கும் பங்கு குறைகிறது. திருத்த விமானி இல்லையென்றால் மூக்கு தாழ்ந்து, விமானம் சுருள்பாதையில் இறங்கும். அன்று அந்தச் சுருளின் விட்டம் சுமார் ஒரு மைல். அது இறங்கிய வேகமும் பாராசூட் இறங்கிய வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால்தான் அது மீண்டும் மீண்டும் அவர் கண்ணில் பட்டது.

அடங்கிய எஞ்சின் எப்படி உயிர்பெற்றது என்பதற்கும் அந்தத் தாழ்ந்த மூக்குதான் விடை. டேங்கின் அடியில் மிஞ்சிக்கிடந்த கொஞ்சம் பெட்ரோல் விமானம் முன்னே சாய்ந்ததும் கார்புரேட்டருக்கு வழிந்தது. காற்று சுழற்றிக்கொண்டிருந்த புரொப்பல்லர் எஞ்சினை இயக்கிவிட்டது. லிண்ட்பர்க் இக்னிஷன் சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தார்.

அவரை அந்த நிலைக்குத் தள்ளியது மூடுபனி மட்டுமல்ல. ஒழுகிய 110 கேலன் டேங்கைப் பழுதுபார்க்கக் கழற்றியவர்கள், அதற்குப் பதில் 85 கேலன் டேங்கைப் பொருத்தியிருந்தார்கள். விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. அந்த எஞ்சினுக்கு 25 கேலன் என்பது கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பறப்பு. மூடுபனியின் விளிம்புக்குத் திரும்பி ஏதேனும் ஒரு வயலில் இறங்க அது போதும் என்று அவர் போட்ட கணக்கில், இல்லாத பெட்ரோலும் சேர்ந்திருந்தது. இந்த விபத்தில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். வானிலையை யாரும் கட்டுப்படுத்த முடியாது. டேங்கை மாற்றியதை ஒரு வரியில் எழுதி வைத்திருக்கலாம்.

மூடுபனிக்குள் துணிந்து இறங்கியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நம் உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்களின் திரவம்தான் உடல் திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சில விநாடிகளில் திரவமும் குழலின் வேகத்தை எட்டிவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது எத்தனை தேர்ந்த விமானியும் இதில் ஏமாறுவார். கடைசிவரை நிதானமாக இறங்கினாலும், காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் அன்றைய கருவியால் தரை எத்தனை அடி கீழே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. சிகாகோ அருகே மேவுட் விமானத் தளத்தில் இருந்தவர்கள் தேடுவிளக்கை வானை நோக்கித் திருப்பினார்கள், இரண்டு பீப்பாய் பெட்ரோலைக் கொளுத்தினார்கள். நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்துவிட்டதால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. கருவிகளை மட்டுமே பார்த்து விமானத்தை ஏற்றி, ஓட்டி, இறக்க முடியும் என்று விமானி ஜிம்மி டூலிட்டில் செய்துகாட்டியது 1929இல்தான்.

மேற்கொண்டு ஏழு நிமிடப் பெட்ரோல்தான் என்றானபோது, பனிக்கடியில் ஓர் ஊரின் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. அவர் விமானத்தை ஊருக்கு எதிர்ப்பக்கமாக, வெட்டவெளியை நோக்கித் திருப்பி மேலே ஏறினார். குதித்தவர் தலைக்குமேல் உயர்ந்து நின்ற மக்காச்சோளக் காட்டில் இறங்கினார். விமானம் ஒரு பண்ணை வீட்டின் மீது மயிரிழையில் மோதாமல் தப்பி, தரையில் சறுக்கி, வேலியை உடைத்துக்கொண்டு போய் நின்றது. தபாலுக்குச் சேதமில்லை. ஒட்டாவா என்ற சிற்றூரின் தபால் நிலையத்தில் சேர்த்து, அதிகாலை 3.30 மணி ரயிலில் சிகாகோவுக்கு அனுப்பினார்கள்.

ஏழே வாரத்தில், நவம்பர் 3 அன்று, அதே வழித்தடத்தில் மோசமான வானிலையும் தீர்ந்த பெட்ரோலும் மீண்டும் அவரைக் குதிக்க வைத்தன. இந்த முறை 13,000 அடி. முதலில் சுவிட்சுகளை அணைத்தார். வலப்பக்கமாக வெளியேறப் போனவர், வலது இறக்கை தாழ்வதைக் கவனித்தார். இப்படியே விட்டால் விமானம் வலப்பக்கம் சுழன்று பாராசூட்டில் மோதக்கூடும் என்று புரிந்தது. மறுபடி இருக்கைக்குத் திரும்பி, விமானத்தைச் சமன்செய்துவிட்டு, இடப்பக்கமாகக் குதித்தார்.