வாளும் வழிமரபும்: மோரோ மக்களின் பழம்படைக்கலங்களும் அவற்றைச் சேகரிப்போர் பொறுப்பும்

தென்கிழக்காசிய இஸ்லாமிய வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஆச்சே, மலாக்கா, ஜாவா என்ற எல்லையோடு நின்றுவிடுகின்றனர். அவற்றுக்கும் கிழக்கே, இன்றைய பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்பகுதியில், மிந்தனாவோ பெருந்தீவிலும் சூலு தீவுக்கூட்டத்திலும் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் முஸ்லிம் சமூகங்கள் நம் கவனத்திற்கு அரிதாகவே வருகின்றன. தவுசுக், மகிந்தனாவோ, மரனாவோ, யாக்கான், சாமா முதலிய பல இனத்தார் அவர்கள். 15ஆம் நூற்றாண்டில் சூலுவிலும், 16ஆம் நூற்றாண்டில் மகிந்தனாவோவிலும் சுல்தானகங்கள் வேரூன்றின.

இவர்களுக்கு 'மோரோ' என்ற பெயரைச் சூட்டியவர்கள் ஸ்பானியர். 1492இல் கிரானடாவை வீழ்த்திய நினைவு மங்காமல் வந்த அவர்கள், தம் நாட்டு முஸ்லிம்களை அழைத்த அதே சொல்லால், உலகின் மறுகோடியில் கண்ட முஸ்லிம்களையும் அழைத்தனர். இகழ்ச்சியாக இடப்பட்ட அப்பெயரை 20ஆம் நூற்றாண்டில் அம்மக்களே பெருமையுடன் தமதாக்கிக்கொண்டனர். 2019இல் அமைந்த தன்னாட்சிப் பகுதி 'பங்சமோரோ' என்ற பெயரையே தாங்கியுள்ளது.

இம்மக்களின் வாள்கள் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள அருங்காட்சியகங்களிலும் தனியார் பேழைகளிலும் ஏராளமாக உள்ளன. அவை எத்தகையவை, அங்கு எவ்வாறு சென்றன, அவற்றைக் கையில் வைத்திருப்பவர் மீது என்ன கடமை உண்டு என்பன சிந்திக்கத்தக்கவை.

நால்வகைப் படைக்கலங்கள்

முதலாவது கிரிஸ். மலாய் உலகம் முழுவதும் அறிந்த குத்துவாளே இதன் மூலம். ஆனால் ஜாவாவின் கிரிஸ் குத்துவதற்கென அமைந்த சிறு ஆயுதம். மோரோ மக்களின் கிரிஸோ இருபுறமும் கூர்மை கொண்டு, வெட்டவும் குத்தவும் பயன்படும் முழு வாள். அலகு நேராக இருக்கலாம், முழுதும் நெளிந்திருக்கலாம், பாதி நெளிந்து பாதி நேராகவும் அமையலாம். கைப்பிடிக்கருகில் அலகு ஒருபுறம் அகன்று, அவ்விடத்தில் யானைத் துதிக்கை போன்ற வளைவு குடையப்பட்டிருக்கும்.

இரண்டாவது பாரோங். சூலு பகுதியினருக்கும் யாக்கான் மக்களுக்கும் உரியது. இலைவடிவ அலகு, ஒருபுறம் மட்டும் கூர்மை, முதுகு தடித்தது. மூன்றாவது கம்பிலான். மகிந்தனாவோ, மரனாவோ மக்களின் நெடுவாளாகிய இது பிடியோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் பெறும்; பிடியருகே குறுகி முனைநோக்கி அகலும். அதன் கைப்பிடி வாய் பிளந்த விலங்கின் தாடை போல் இரு கிளையாகப் பிரிந்து நிற்கும். நான்காவது பனபாஸ். வளைந்த அலகும் நீண்ட காம்பும் கொண்ட இது, கோடரிக்கும் வாளுக்கும் இடைப்பட்டது.

இரும்பில் எழுதிய கலை

பழைய கிரிஸ் பலவற்றில் வெவ்வேறு இரும்புகளும் எஃகும் அடுக்கி, காய்ச்சி, மடித்து அடிக்கப்பட்டுள்ளன. புளிப்புச் சாறு கொண்டு அலகைத் துலக்கும்போது, கரியதும் வெளியதுமான வரிகள் நீரோட்டம் போல் வெளிப்படும். கிரிஸ், பாரோங் ஆகியவற்றின் கைப்பிடிக் குமிழ் பெரும்பாலும் கொண்டையுள்ள கிளியின் தலையை நினைவூட்டும். மரம், எருமைக்கொம்பு, தந்தம் ஆகியவற்றால் அது செய்யப்படும்; பிடியில் வெள்ளிப் பூணும் பின்னிய கயிறும் அமையும். ஆனால் அக்கிளி உள்ளபடியே செதுக்கிய கிளியன்று. அலகும் கொண்டையும் கோடுகளாகக் கரைந்து கொடிச்சுருளாகிவிடுகின்றன. 'ஒகிர்' எனப்படும் இச்செதுக்குக் கலையில், தொன்மையான உருவங்களும் உருவத்தைத் தவிர்க்கும் இஸ்லாமிய அழகுணர்வும் ஒன்றையொன்று அழிக்காமல் இணைந்திருப்பதைக் காண்கிறோம். சில அலகுகளில் அரபு எழுத்துக்களும் காப்புச் சதுரங்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

போர்க்களத்தில் மட்டுமே வாழ்ந்தவை அல்ல இவ்வாள்கள். குடும்பத்தின் 'பூசாக்கா', அதாவது முன்னோர் விட்டுச்சென்ற பொருள், என்ற மதிப்போடு தலைமுறை தலைமுறையாகக் கைமாறியவை. உடையவரின் நிலையையும் குலத்தையும் உரைத்தவை.

கடல் கடந்த கதை

1898இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்கு மாறியது. முஸ்லிம் பகுதிகளை ஸ்பெயின் ஒருபோதும் முழுமையாக வென்றதில்லை என்பதால், 1899இல் சூலு சுல்தானோடு அமெரிக்கர் தனி உடன்படிக்கை செய்தனர். 1904இல் அதனைத் தாமே கைவிட்டனர். 1906 மார்ச்சில், ஹோலோ தீவின் புட் டாஹோ எரிமலை வாயில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது படை ஏவப்பட்டது. பெண்களும் சிறுவர்களும் உட்பட அங்கு மாண்டோர் அறுநூறு முதல் ஆயிரம் வரை என்பது மதிப்பீடு. அமெரிக்கத் தரப்பில் இறந்தோர் இருபது பேர் அளவே. 1911 செப்டெம்பரில் ஆளுநர் ஜான் பெர்ஷிங், துப்பாக்கிகளோடு வெட்டுப்படைக்கலங்களையும் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். அதன் எதிர்ப்பு 1913 ஜூனில் புட் பக்சாக் போரில் முடிந்தது.

மேலைநாட்டுச் சேகரிப்புகளில் உள்ள மோரோ வாள்களில் மிகப் பல இக்காலத்தில் சென்றவை. சில விலைக்கு வாங்கப்பட்டன. சில அன்பளிப்பாகத் தரப்பட்டன. சில ஆணைக்கு அஞ்சி ஒப்படைக்கப்பட்டன. சில இறந்தவர் கைகளிலிருந்து எடுக்கப்பட்டன. அலகைப் பார்த்து இவற்றுள் எது எது என அறிய இயலாது. சேகரிப்பாளரின் அறச்சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

பழமையை அறிதல்

அலகு சொல்லக்கூடியவையும் உண்டு. பழைய கிரிஸ்களில் அலகின் அடிப்பகுதி தனித்துண்டாகச் செய்து பொருத்தப்பட்டிருக்கும். பிற்காலத்தவை ஒரே துண்டாக அடிக்கப்பட்டு, இணைப்பு இருப்பதுபோல் ஒரு கோடு மட்டும் கீறப்பட்டிருக்கும். அலகைப் பிடியோடு இறுக்கும் உலோகப் பட்டைகள், பிரம்புக் கட்டு, உறையின் மரம் ஆகியனவும் காலத்தையும் இடத்தையும் உணர்த்தும். பழைய அலகுக்குப் புதுப்பிடி பொருத்துவது அவ்வூரிலேயே இருந்த வழக்கம். அதனைப் போலி எனத் தள்ளலாகாது. மரனாவோ நாட்டின் துகாயா ஊரில் வாள்களும் பித்தளைப் பொருள்களும் செய்யும் மரபு இன்றும் தொடர்கிறது. பயணிகளுக்கெனச் செய்த புதுவாளைப் பழையதென விற்பதே பிழை. புதிதாகச் செய்வது பிழையன்று.

இத்துறையில் ஹெர்பர்ட் கிரீகர் 1926இல் அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகச் சேகரிப்பை விளக்கி வெளியிட்ட நூலும், ராபர்ட் கேட்டோவின் 'மோரோ வாள்கள்' என்ற 1996ஆம் ஆண்டு நூலும் அடிப்படையானவை. வாள் கைக்கு வந்ததும் அதனைப் பளபளக்கத் தேய்ப்பது பெருந்தவறு; வரிகளும் பொறிப்பும் அழிந்துவிடும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் ஈரமின்மையும் போதும். தந்தப்பிடி உள்ளவற்றை எல்லை கடத்துவதற்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடுகள் உள்ளன. பிலிப்பைன்ஸின் பண்பாட்டு மரபுரிமைச் சட்டம் 2010 முதல் பண்பாட்டுச் செல்வங்களின் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்துகிறது.

சீட்டும் சாட்சியமும்

பழைய காட்சிச்சீட்டுகளில் 'ஹுராமெந்தாதோவின் வாள்' என்ற குறிப்பு காணப்படுவதுண்டு. சூளுரைத்து, தனியனாய்ப் பகைவரிடையே புகுந்து, மாளும்வரை வெட்டியவனுக்கு ஸ்பானியர் இட்ட பெயர் அது. காலனி எழுத்தாளர்கள் இதனை வெறிச்செயலாக வர்ணித்தனர். 'பிலிப்பைன்ஸில் முஸ்லிம்கள்' என்ற 1973ஆம் ஆண்டு நூலின் ஆசிரியர் சீசர் அதிப் மஜுல், பெரும்படையை எதிர்க்க வேறு வழியற்றோரின் இறுதி முயற்சியாக அதனை விளக்கினார். தவுசுக் மக்கள் அதனை 'பராங் சபில்' என்றனர். இறைவழிப் போர் என்பது பொருள். ஒரே வாளுக்கு இரு சீட்டுகள் எழுதலாம். எதை எழுதுகிறோம் என்பதில் நம் நடுநிலை வெளிப்படும்.

2017இல் மராவி நகரில் ஐந்து மாதம் நீடித்த போரில் நகரின் நடுப்பகுதி தரைமட்டமானது. வீடுகளோடு தலைமுறைச் செல்வங்களும் மறைந்தன. தொலைதூரப் பேழையில் உள்ள வாள், தன் ஊரில் அழிந்துபோன ஒன்றின் சாட்சியாக மாறிவிட்டது. 1901இல் பிலிப்பைன்ஸின் பலங்கிகாவில் அமெரிக்கப் படையினர் எடுத்துச்சென்ற தேவாலய மணிகள் மூன்றும் 2018 டிசெம்பரில் திருப்பித் தரப்பட்டன. திரும்புதல் இயலாத ஒன்றன்று என்பதற்கு அது சான்று.

ஆகவே சேகரிப்பாளரின் முதற்கடமை வாங்குவதன்று, எழுதிவைப்பதே. யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எந்தப் படையினர் வழியாக வந்தது என்ற குறிப்பையும் பழைய கடிதத்தையும் வாளோடு சேர்த்தே காக்கவேண்டும். படங்களையும் அளவுகளையும் மோரோ ஆய்வாளர்களுக்கும் மராவியிலுள்ள ஆகா கான் அருங்காட்சியகம் போன்ற நிறுவனங்களுக்கும் கிடைக்கச் செய்யவேண்டும். குறிப்பு இழந்த வாள் வெறும் இரும்பு. குறிப்போடு இருப்பது, என்றேனும் ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடி வரும்போது விடைசொல்லும் பூசாக்கா. சேகரிப்பவர் அதன் உரிமையாளர் அல்லர். சிறிது காலம் அமானிதமாக அதனை ஏந்தி நிற்பவர்.